தொண்ணூற்றொன்றாம் நாள்

என் மகளுக்குச் சோறு போட்டேன். மூன்றாம் நாள் அவளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பெற்றவள் எழுதுகிற வாக்கியமா இது? எழுத வேண்டியதாகிவிட்டது. ஒரு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன். அக்கம்பக்கம் கேட்டால் காய்ச்சல் என்றேன். சொந்தக்காரர்கள் கேட்டால் ரத்தசோகை என்றேன். இனி முடியாது. எனக்குள் வெந்துகொண்டே இருக்கிறது. கொட்டிவிடுகிறேன்.

விஷம் வைக்கவில்லை. ஊசிப்போன சோறும் இல்லை. 2024 செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி. எங்கள் ஊர் பிள்ளையார்பட்டி. அந்த நாளில் இந்த ஊரில் எந்த வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கும்? கோயில் மடப்பள்ளியில் பதினெட்டுப் படி அரிசியில் முக்குறுணிக் கொழுக்கட்டை நாள்கணக்கில் வெந்து, ஆள்கள் சேர்ந்து சுமந்து வந்து கற்பக விநாயகருக்குப் படைக்கிற நாள். நான் என் வீட்டில் இலை போட்டேன். சோறு, பருப்பு, நெய், உருளைக்கிழங்கு, வடை, பாயசம், கவுனி அரிசி, கொழுக்கட்டை. தொண்ணூறு நாள் வயிற்றைக் கட்டிப்போட்டிருந்த பிள்ளை. "போடும்மா, இன்னும் போடும்மா" என்று வாங்கிச் சாப்பிட்டாள். நான் அழுதுகொண்டே போட்டேன். சந்தோஷத்தில் அழுதேன்.

அந்தச் சோறுதான் அவள் நெஞ்சை நிறுத்தப் பார்த்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் பலகாரம் சுடும் வீட்டில் வேலை பார்க்கிறவள். கல்யாணச் சீருக்கும் வெளிநாட்டுப் பார்சலுக்கும் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று இருபது வருஷமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறேன். அந்தக் காசில்தான் மகளை பி.காம் படிக்கவைத்தேன். ஒரு கடையில் கணக்கு எழுதப் போனாள். இருபத்து நாலு வயசு. எடை 71 கிலோ. ஓடியாடி வேலை பார்ப்பாள், மூச்சு வாங்காமல் குன்றக்குடி மலையேறுவாள். அவள் உடம்பு அவளுக்கு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. அடுத்தவர் கண்ணுக்குத்தான் பாரமாக இருந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது: "பிள்ளையார்பட்டின்னு சொன்னதுமே நெனச்சேன். பொண்ணும் பிள்ளையாராட்டமே இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். வந்த சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று சிரித்தேன். கதவுக்குப் பின்னால் நின்றவள் அம்மா சிரித்ததைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்து, "எம் பொண்ணப் பத்திப் பேசாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? இத்தனையும் நடந்திருக்குமா? தெரியவில்லை. ராத்திரியில் தூக்கம் வராதபோதெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. அவர்கள் சிரிப்பைவிட என் சிரிப்பு.

அடுத்த வாரம் ஃபோனில் ஒரு விளம்பரம் வந்தது. தொண்ணூறு நாளில் உடம்பைக் குறைத்துத் தருகிறார்களாம். நடத்துகிற பெண்ணை எல்லாரும் 'கோச் மேடம்' என்றார்கள். டாக்டருக்குப் படித்தவரா? இல்லை. நர்சா? இல்லை. தானும் இளைத்தவர். அதுதான் படிப்பு, அதுதான் பட்டம். மூன்று மாதத்துக்குப் பவுடர் டப்பாக்களோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய். சீட்டு எடுத்துக் கட்டினேன். அதிரசம் சுட்ட காசு.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். காலையில் தண்ணீரில் கலக்கிய பவுடர். மத்தியானம் பவுடர், நாலு துண்டு வெள்ளரிக்காய். ராத்திரி முட்டை வெள்ளைக்கரு. மொத்தம் 450 கலோரி. கணக்குப் படித்த பிள்ளை அல்லவா, நோட்டுப் போட்டு வரவு, செலவு என்று கோடு கிழித்து எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்றைக்கும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

உடம்பு உழைப்பு அதிகமில்லாத ஒரு சாதாரணப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எழுதி வைத்திருக்கிறதாம். இளைக்க நினைத்தாலும் ஆயிரத்துக்குக் கீழே போகாதே, வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும் என்று ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறதாம். இதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. ஏன் வராந்தாவில்? எடையைக் குறைத்துத் தருகிறேன் என்று பதினெட்டாயிரம் வாங்கியவர் வாயிலிருந்து அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

பத்தாம் நாள் கிறுகிறுப்பு. 'கழிவு வெளியேறுது, நல்லதுதான்' என்று மேடத்திடமிருந்து பதில் வந்தது. முப்பதாம் நாள் குளிர். ஆனி மாத வெயிலில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிற எங்கள் வீட்டில், என் பிள்ளை கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தாள். 'கொழுப்பு கரையுதுல்ல, அதான்.' ஐம்பதாம் நாள் தலைக்கு ஊற்றியவள் கை நிறைய முடியோடு வந்து நின்றாள். 'உடம்பு செட்டாகிட்டு இருக்கு.' தூரம் நின்றுபோனது. 'பயப்படாதீங்க, எல்லாருக்கும் வரும்.' விலாவுக்குக் கீழே குத்துகிறது என்றாள். 'தண்ணி நெறையக் குடிங்க.'

உடம்பு கத்திக் கத்திக் கூப்பிட்டது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு சிரிக்கிற பொம்மைப் படம் பதிலாக வந்தது. தினமும் காலையில் எடை மிஷினில் ஏறி நின்று, கால்விரலும் நம்பரும் தெரிகிற மாதிரி ஃபோன் குழுவில் போட்டோ அனுப்ப வேண்டும். குறைந்திருந்தால் கைதட்டல். குறையாவிட்டால் எல்லார் முன்னாலும் கேள்வி. தொண்ணூறு நாளில் ஒரே ஒரு நாளாவது, ஒரே ஒரு தடவையாவது, "ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று யாராவது கேட்டார்களா?

இன்னொன்று சொல்ல வேண்டும். நடுராத்திரியில் எழுந்து பார்ப்பேன். இருட்டில் ஃபோன் வெளிச்சத்தில் அவள் முகம் தெரியும். சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். பிரியாணி, பரோட்டா, பால் பணியாரம். சத்தத்தை அணைத்துவிட்டு, வெறும் படத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்து மாவு பிசைந்து தருவாள், அதிரசப் பாகு பதம் பார்த்துச் சொல்வாள். ஒரு பொட்டு நாக்கில் வைக்க மாட்டாள். மற்ற பெண்கள், "என்னா வைராக்கியம் பாரு" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அது வைராக்கியம் இல்லை. பட்டினி செய்கிற வேலை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45-இல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார். திடகாத்திரமானவர்கள், தாங்களே முன்வந்தவர்கள். உடம்பில் கால்வாசி எடை போயிற்று. குளிர் தாங்கவில்லை, முடி கொட்டியது, கால் வீங்கியது, மனசு இருண்டது. சோற்று நினைப்பு தவிர வேறு நினைப்பு இல்லாமல் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்களாம். அவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. என் மகளுக்கு 450.

எண்பது வருஷமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துச் சொன்னதும் என் மகள்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் தேடித் தேடிப் படித்தாள். "அம்மா, அந்தப் பசங்களும் ராத்திரி சமையல் புஸ்தகம்தான் பாத்திருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசிப் பத்து நாள் இன்னும் கொடுமை. 'உடம்பைச் சுத்தம் பண்ற வாரம்' என்று எலுமிச்சைத் தண்ணீரும், வயிற்றைக் கழியவைக்கிற ஒரு டீயும். செப்டம்பர் 6, தொண்ணூறாம் நாள். எடை 54. குழுவில் பூமாரி. கோச் மேடம் அவளுடைய பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஊருக்கெல்லாம் காட்டினார். பதினேழு கிலோ! நாங்கள் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம்.

மேடம் கொடுத்த சார்ட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். தொண்ணூறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தின்ன வேண்டும், எப்போது தின்ன வேண்டும் என்று இருக்கிறது. தொண்ணூற்றொன்றாம் கட்டம் இல்லை. அதற்குப் பிறகு என்ன? மனுஷி வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் பவுடர் கலக்கியா குடிப்பாள்? ஒரு நாள் சோற்றில் கை வைக்க மாட்டாளா? அன்றைக்கு எப்படிக் கை வைக்க வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

தொண்ணூற்றொன்றாம் நாள்தான் சதுர்த்தி. நான் இலை போட்டேன்.

மறுநாள் கால் வீங்கியது. நடந்த வீக்கம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் விடியற்காலையில் மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்து, நின்று, மறுபடி அடித்தது. என் உள்ளங்கையில் அந்தத் துடிப்பு தப்பித் தப்பிப் போனது இன்னும் இருக்கிறது. காரைக்குடியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பதினோரு நாள் ஐ.சி.யூ.

இளவயசு டாக்டரம்மா ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அம்மா, பட்டினி கெடந்த ஒடம்பு கொழுப்பையும் சதையையும் கரைச்சுத்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பொட்டாசியம், பாஸ்பேட்டு, மெக்னீசியம்னு உப்புகள் ஏற்கெனவே கொறஞ்சு போச்சு. திடீர்னு சோறும் வெல்லமும் உள்ள போனதும், ரத்தத்துல மிச்சமிருந்த உப்பையெல்லாம் திசுக்கள் இழுத்துக்கிச்சு. ஊரே பசியில இருக்கறப்ப ஒரு வீட்ல பந்தி போட்டா எல்லாரும் அங்க ஓடிருவாங்கள்ல? கோயில்ல மணியடிக்க ஆளிருக்காது. அந்த மாதிரி இதயத்துக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு." அதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயராம். மூன்று முதல் ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போனவர்களுக்கும், பத்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் ஆபத்து அதிகமாம். என் மகள் இரண்டிலும் இருந்தாள். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களைத் திறந்தபோது, பட்டினி கிடந்தவர்களுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த சாப்பாடே பலரைக் கொன்றதாம். அப்போதிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதே! பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது தப்பாகும் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் இருந்தார். ஐ.சி.யூ. வாசலில் நின்று அந்த கோச் மேடத்துக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன். ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. குழுவில் இப்படி எழுதினார்: 'அவங்க புரோட்டோகால ஃபாலோ பண்ணல. அம்மா ஃபுல் மீல்ஸ் குடுத்துட்டாங்க. மத்தவங்க யாரும் பயப்பட வேண்டாம்.' அடுத்த நிமிஷம் என் மகளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

அம்மா கொடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தையை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு வருஷம் நடந்தேன். சட்டி முன்னால் நிற்கும்போதும் அதுதான். கையைப் பார்த்தால் அதுதான். என் கைதானே கொடுத்தது? ஆமாம், என் கைதான். ஆனால் மேடம், பட்டினி போட்ட கை யாருடையது? தொண்ணூறு நாள் அவள் ரத்தத்திலிருந்த உப்பையெல்லாம் காலி பண்ணிவிட்டு, கடைசியில் வந்து இலை போட்டவளைக் கைகாட்டுகிறீர்களே, உங்களுக்கு வீட்டில் பிள்ளை இல்லையா?

கொஞ்சமாகச் சாப்பிட்டு இளைப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரம்மா அதையும் சொன்னார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்து ஒரு ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாம். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நர்சும் உணவு நிபுணரும் கூடவே இருந்து பார்த்தார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தோடு நிறுத்தினார்கள். அப்புறம் சாதாரணச் சாப்பாட்டை இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரைக்கும், ஒவ்வொரு படியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எட்டு வாரம்! நோயாளிகளுக்கு அப்படி. என் மகளுக்கு நோயே இல்லை. அவளுக்கு அப்படி ஒரு நாளும் கொடுக்கவில்லை.

'பாதுகாப்பானதா?' என்று கேட்கிறார்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். 800-க்குக் கீழே போனால் டாக்டர் கண் முன்னால் போ என்கிறது மருத்துவம். ஃபோனில் வருகிறவருக்கு உங்கள் ரத்தம் தெரியாது, நெஞ்சுத்துடிப்பு தெரியாது. எடை மிஷின் நம்பர் மட்டும்தான் தெரியும்.

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரதம் என்று ஒன்று விற்றார்களாம். தோல், குளம்பு மாதிரிக் கழிவிலிருந்து எடுத்தது. அதை மட்டும் குடித்து இளைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பலருக்குத் திடீரென்று இதயம் தடுமாறி நின்றது. அதற்குப் பிறகு அங்கே சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 400 கலோரிக்குக் கீழே போகிற புரத டயட் கடும் நோயையோ சாவையோ கொண்டுவரலாம் என்று டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும். சாவு என்ற வார்த்தையை டப்பாவில் போட வைத்தார்கள். என் மகளுக்கு 450. ஐம்பது கலோரி தள்ளி நின்றால் எமனுக்குக் கண் தெரியாதா?

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-லேயே வந்தது. இன்ன நோயைத் தீர்ப்பேன் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாத பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. ஆனால் இவர்கள் விற்பது மருந்து இல்லையாம், சத்துணவாம். சொல்லிக்கொடுப்பது வைத்தியம் இல்லையாம், ஆலோசனையாம். ஒரு அலுவலகத்தில் போய் நின்றேன். "யாரும் கட்டாயப்படுத்துனாங்களா? நீங்களாத்தானே பணம் கட்டுனீங்க?" என்றார்கள். நானாகத்தான் கட்டினேன். அதற்குமேல் என்ன பதில் சொல்ல?

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியே இருந்திருப்பேன்.

2025 மார்ச்சில் கேரளாவில் கண்ணூர் பக்கம் ஒரு பதினெட்டு வயசுப் பெண், சாப்பாட்டை விட்டுவிட்டு, கடைசியில் செத்துப்போனாள் என்று பேப்பரில் வந்தது. ஜூலையில் நம் குமரி மாவட்டத்தில் ஒரு பதினேழு வயசுப் பையன். மூன்று மாதம் பழச்சாறு மட்டும் குடித்தானாம். ஒரு நாள் வீட்டில் பூஜை. அன்றைக்குத்தான் திட உணவு சாப்பிட்டிருக்கிறான். வாந்தி, மூச்சுத் திணறல். போய்விட்டான். அவன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியைப் படித்ததும் பேப்பர் என் கையில் நடுங்கியது. பூஜை நாள். இலை. அந்த வீட்டிலும் ஒரு அம்மா பரிமாறியிருப்பாளே! பிள்ளை சாப்பிடுகிறானே என்று அவளும் கண் கலங்கி நின்றிருப்பாளே! என் பிள்ளை பிழைத்துக் கிடக்கிறாள். அந்த அம்மாவுக்கு?

நான் முன்னாலேயே கத்தியிருந்தால் அது அவள் காதில் விழுந்திருக்குமா? அதனால்தான் இப்போது கத்துகிறேன்.

என் மகள் பிழைத்தாள் என்றேன். எப்படிப் பிழைத்தாள் என்றும் கேளுங்கள். பித்தப்பையில் கல். வேகமாக இளைத்தால் வருமாம். இதயத்துக்கு இன்னும் மாத்திரை. போன எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. முடி வரவில்லை. சோற்றைக் கண்டால் பயப்படுகிறாள். நான் தட்டை நீட்டினால் ஒரு கணம் என் கையைப் பார்க்கிறாள். ஒரே ஒரு கணம்தான். அப்புறம் வாங்கிக்கொள்கிறாள். அந்த ஒரு கணத்தில் நான் செத்துப் பிழைக்கிறேன். இந்த வருஷம் சதுர்த்திக்குக் கோயிலில் கொடுத்த கொழுக்கட்டைப் பிரசாதத்தைக் கிள்ளி நீட்டினேன். "சாப்பிடலாமாம்மா?" என்று கேட்டாள். இருபது வருஷம் ஊருக்கே பலகாரம் சுட்டவளிடம், பிள்ளையார் பிரசாதத்தைக் காட்டி, சாப்பிடலாமா என்று கேட்கிறாள்.

அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதம்மா" என்றாள். போடவில்லை. வாசலில் நின்று சிரித்தவர்களே, உங்கள் பெயரையும் போடவில்லை. மேடம், உங்கள் பெயரையும் போடவில்லை. உங்களுக்கே தெரியும்.

அந்தக் குழு இன்னும் நடக்கிறது. என் மகளின் அந்த இரண்டு போட்டோவும் இன்னும் விளம்பரத்தில் ஓடுகிறது. 71, 54. அதற்குப் பிறகு எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. மூக்கில் குழாயோடு. அதை எப்போது போடுவீர்கள்?

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண் பவுடர் டப்பாவோடு போனாள். கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். ஓடிப்போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். "எம் பொண்ணு நல்லாத்தான் இருக்கா அக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அப்படித்தான் சாத்தியிருப்பேன்.

ஆத்தா, உனக்காகத்தான் இதை எழுதினேன். உன்னைப் போல எத்தனை பேர் இருக்கிறீர்களோ, அத்தனை பேருக்கும். இன்றைக்கு ராத்திரி எழுந்து போய்ப் பார். இருட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறாள் என்று பார். போர்த்தியிருந்தால் கையைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்கிறதா என்று. இருந்தால், உன் கையால் ஒரு பருக்கை போடுவதற்கு முன்னால், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடு.

நான் பார்த்தேன். பெருமையாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.